ஏரி முதலிடம், கடல் இரண்டாமிடம்

எந்தப் பட்டியலையும் நான் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். மதிப்பெண் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்க்கும் அரசுப் பிரிவு ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்ததில் வந்த பழக்கம் அது. முதலில் இருப்பவனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. அவன் படம் பேப்பரிலேயே வந்திருக்கும். திருத்தியது, ஒட்டியது, பிளேடு வைத்துச் சுரண்டியது எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் கிடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் இந்தப் பழக்கத்துக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்தது. நகரத்தைச் சுற்றிப் பொட்டல்வெளியிலும் சவுக்குத் தோப்பிலும் தனியார் பொறியியல் கல்லூரிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். முந்தின வருடம் கல்லூரியாக இருந்தது, மறு வருடம் போய்ப் பார்த்தால் பல்கலைக்கழகமாகியிருக்கும். ‘நிகர்நிலை’ என்ற சொல் மட்டும் பெயர்ப்பலகையில், போகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடியாத அளவில் இருக்கும். கட்டடம் அதேதான். வாசல் காவலாளியும் அதே ஆள்தான். தொப்பி மட்டும் புதிது.

இவற்றில் எது உசத்தி என்று கண்டுபிடிக்க அப்பாக்களிடம் பல வழிகள் இருந்தன. லஸ் பக்கத்துப் பூங்காவில் காலை நடைக்கு வரும் ஆடிட்டர் ஒருவர், விவரப் புத்தகத்தின் காகிதத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், பட்டு வாங்குவதுபோல. வங்கியில் அதிகாரியாக இருந்த இன்னொருவர், விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் தன்னை எவ்வளவு நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள் என்பதைக் கொண்டு முடிவு செய்வார். மூன்று மணி நேரம் என்றால் நல்ல இடம். உடனே உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்களா, அந்தத் திசைக்கே போகக் கூடாது.

“மோர் குடுத்தான் சார்,” என்று ஒரு நாள் துக்கத்தோடு சொன்னார். “பெருங்காயம் போட்டு.”

இவர்களோடு ஒப்பிட்டால் என் வழி விஞ்ஞானபூர்வமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாணவனைப் பற்றி விவரப் புத்தகம் பேசும். நான் கேட்ட கேள்வி வேறு. உள்ளே நுழைந்த கடைசிப் பிள்ளையின் மதிப்பெண் என்ன? அந்த எண் உயரமாக இருந்தால் கதவு குறுகல். குறுகிய கதவுக்குத்தான் ஊரில் மரியாதை. பட்டியலில் வராமல் நன்கொடை கொடுத்துப் போகிறவர்கள் தனிச் சாதி. அவர்களை எந்தப் பலகையிலும் ஒட்ட மாட்டார்கள். என் நோட்டும் அவர்களைப் பற்றி மௌனம்தான்.

வருடாவருடம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போவேன். அறிவிப்புப் பலகையில் சேர்க்கைப் பட்டியல் ஒட்டியிருக்கும். கடைசி வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்புவேன். ஒரு நிறுவனத்துக்குப் பக்கத்தில் ஏரி இருந்தது. ஒன்று திருவான்மியூரைத் தாண்டி, காற்றில் உப்பு அடிக்கும் இடத்தில் இருந்தது. மூன்றாவது நெடுஞ்சாலை ஓரம், லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே. உண்மைப் பெயர்களை இப்போதும் எழுதப் போவதில்லை. என் நோட்டில் அவை ஏரி, கடல், சாலை. நான்கு வருடக் கணக்கில் ஏரி முதலிடம். அதற்கு ஒரு மயிரிழை கீழே கடல். நல்ல இடைவெளி விட்டுச் சாலை.

நோட்டைப் பூங்காவில் யாரிடமும் கொடுத்ததில்லை. வங்கிக்காரரிடம் மட்டும் ஒரு நாள் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மாட வீதியில் ஒரு பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், உன் லிஸ்டு சூப்பரா ஓடிக்கினு கீது.”

“எந்த லிஸ்டு?”

கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். என் கையெழுத்து. ஏரி, கடல், சாலை என்று நான் வைத்த பெயர்களுக்குப் பக்கத்தில் யாரோ நிஜப் பெயர்களை எழுதியிருந்தார்கள்.

“யார் கொடுத்தா உனக்கு இதை?”

“பேங்க் மாமாதான். கோச்சிக்காத சார். மேல உன் பேரு இருந்துச்சி, அத்த பேப்பர் வச்சி மறைச்சிட்டேன்.”

“ஏன் மறைச்சே?”

“நாளைக்கி எவனாச்சும் சீட்டு கெடைக்கலன்னு வூட்டாண்ட வந்து நின்னா? உன் நல்லதுக்குத்தான் சார்.”

கோபம் வந்தது என்று சொல்ல ஆசை. வரவில்லை. அன்று மாலை கோயில் குளத்தை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். முப்பது வருடத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பையும் பிரிவு அலுவலரைத் தவிர யாரும் படித்ததில்லை.

அந்த வருடம்தான் என் ஒரே மகள் பிளஸ் டூ எழுதினாள்.

அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்த ஆசை அல்ல. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரைப் பிரித்து, மூடத் தெரியாமல், மூன்று வாரம் ஒரு முறத்தில் வைத்திருந்தவள். அரசு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் வராது என்பது மதிப்பெண் வந்த அன்றே தெரிந்துவிட்டது. அதற்குக் காரணமாக எங்கள் பேட்டையில் நிறையப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். அவள் வேதியியலில் குறைவாக எழுதியிருந்தாள். அவ்வளவுதான்.

ஆகவே தனியார். மூன்றுக்கும் விண்ணப்பித்தோம். கடலில் அவளுக்கு நேராகவே இடம் வந்தது. ஏரியில் காத்திருப்போர் பட்டியலில் நான்காவது.

“கடல்லயே சேந்துடறேனே அப்பா,” என்றாள். அந்த வருடத் தொடக்கத்தில் அவர்கள் பள்ளியிலிருந்து அங்கே ஒரு கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆய்வகத்தில் ஒருவர் சூட்டுக்கோலை இவள் கையில் கொடுத்து, இரண்டு கம்பிகளைப் பற்றவைக்கச் சொன்னாராம். “எல்லாத்தையும் கண்ணாடிக்குள்ள வெச்சுக் காமிக்கலைப்பா. அங்க தொட விடறா.”

“ஏரி முதல்ல இருக்கு,” என்றேன்.

“யார் சொன்னா?”

“நோட்டுல இருக்கு.”

“நோட்டுல யார் எழுதினா?”

நான்கு வருடத்து எண்களை எடுத்துக் காட்டினேன். அவள் பார்க்கக்கூட இல்லை.

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். “ஏன்னா, கெடச்சதை வாங்கிண்டு வராம, கெடைக்காததைப் பிடிச்சுண்டு ஏன் அலையறேள்?”

“கெடைக்காதுன்னு யார் சொன்னது? ஏரியில ரெண்டாவது லிஸ்ட் பத்தாவது ஆளுக்கு முன்னாடி நின்னதே இல்லை. இவ நாலாவது.”

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுத்துவிட்டால் லேசில் திரும்பாது. பிரின்சிபால் ஊரில் இல்லை, பீரோ சாவி இல்லை என்று படிப்பு முடியும் வரைக்கும் காரணம் இருக்கும். எனவே கடலில் சேர்ந்துவிட்டால் ஏரி போய்விடும். கடலில் சேர வேண்டிய கெடு புதன்கிழமை மாலை நான்கு மணி. ஏரியின் இரண்டாவது பட்டியல் அதே புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு.

நடுவில் ஐந்து மணி நேரம். பதினொரு மணிக்கு ஏரியில் பார்க்கிறோம். இருந்தால் அங்கேயே சேர்கிறோம். இல்லையென்றால் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டேகூடக் கடலுக்குப் போய்விடலாம். ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் அதன்மேல் காபி டம்ளரை வைத்தாள்.

இதற்கு ஒரு வாரம் முன்னால், தி. நகர் ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்திருந்தார். மூத்த மகனின் சான்றிதழ் விஷயமாக ஒரு முறை வந்ததில் ஏற்பட்ட பழக்கம். என் மனைவி அவர் கடையில் ஒரு கரண்டி வாங்கப் போனாலும் முக்காலி போட்டு, கலர் சோடா வரவழைத்துக் கொடுத்துவிடுவார். அன்று அவர் சட்டைப் பையில் ஒரு தாள் நான்காக மடித்திருந்தது. பிரிக்காமலே தெரிந்தது, என் கையெழுத்து.

“சார்வாள், நம்ம பாப்பா திருவனந்தபுரத்துல அவ சித்தப்பா வீட்ல இருந்துல்லா படிச்சா. இப்ப இங்க சேக்கணும். ஏரி கெடைக்காது, அது எனக்கே தெரியுது. இந்தக் கடலுல வெயிட்டிங் லிஸ்ட்டுல மொத ஆளா போட்ருக்கான். தபால் வருமா?”

“தபாலை நம்பாதீங்கோ அண்ணாச்சி. புதன்கிழமை நாலு மணிக்குக் கெடு முடியும். யாராவது வராம இருந்தா, காத்திண்டிருக்கறவாள்ல அங்க யார் எதிர்ல நிக்கறாளோ அவாளை வரிசைப்படி கூப்பிடுவா. ஒரிஜினல் எல்லாத்தையும் எடுத்துண்டு மூணு மணிக்கே போய் நின்னுடுங்கோ.”

“நின்னா கெடச்சிருமா?”

“நிக்கலைன்னா கெடைக்காது. அதுதான் நிச்சயம்.”

“சரி சார்வாள். சோத்தக் கட்டிட்டே போயிருதோம்.”

புதன்கிழமை ஒன்பதரைக்கே நானும் மகளும் ஏரிக்குப் போய்விட்டோம். பதினொரு மணிக்குப் பட்டியல் வரவில்லை. ஒரு மணிக்கு வரும் என்றார்கள். ஒரு மணிக்கு, தட்டச்சு ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்றார்கள். ஒரு கையெழுத்துக்காக மனிதர்களை எவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? நான் வைத்திருக்கிறேன்.

இரண்டு மணிக்கு அவள், “கெளம்பலாம் அப்பா,” என்றாள்.

“இன்னும் நேரம் இருக்கு.”

இரண்டரைக்கு மறுபடியும் சொன்னாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேனே தவிர எழுந்திருக்கவில்லை. பட்டியல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேஜைமேல் இருந்தது. அதன் முதுகு தெரிந்தது. நான்கு வருடமாகப் பத்துக்குக் குறையாத ஒன்று, அங்கே தலைகுப்புறப் படுத்திருந்தது. அதை விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பது? மூன்றாவது முறை அவள் கேட்கவில்லை. சான்றிதழ் உறையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் நூலைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மூன்று பத்துக்கு ஒட்டினார்கள். பட்டியல் என்று ஒன்றும் இல்லை. ‘காலியிடம் இல்லை’ என்று ஒரே வரி. கீழிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் அதேதான்.

உள்ளே போய் எழுத்தரிடம் கேட்டேன். “ஒருத்தர்கூடப் போகலையா? போன வருஷம் பதினஞ்சு பேர் விட்டுட்டுப் போனாளே?”

“வருஷா வருஷம் போவாங்க சார். கடலாண்ட சீட்டு கெடச்சதும் பாதிப் பேரு அங்க ஓடிடுவான். இந்த வருஷம் ஒருத்தனும் நகரல.” மேஜை அறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். “எல்லார் கையிலயும் இது. மயிலாப்பூர்ல எவனோ எழுதிக்கீறான். நம்பள மொதல்ல போட்டுட்டானா, வந்தவன் எல்லாம் பிசின் மாதிரி ஒட்டிக்கினான். எங்க பிரின்சிபாலுக்கு ஒரே சந்தோஷம். பிரேம் போட்டு மாட்டலாமான்றாரு.”

மேலே பெயர் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஜெராக்ஸ்காரர் ஒழுங்காகத்தான் மறைத்திருந்தார். என் மகள் அந்தத் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நன்றி சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

எத்தனை பேர் கதவைத் தள்ளுகிறார்கள் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அளவை எல்லோருக்கும் சொல்லிவிட்டால் எல்லோரும் அந்தக் கதவுக்கே வருவார்கள் என்று தோன்றவே இல்லை. ஒரு தேர்வு அதிகாரிக்குத் தோன்றியிருக்கும். ஒரு பாத்திரக்கடைக்காரருக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

ஆட்டோ பிடித்தோம். அடையாறு பாலத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. “இன்னா சார் பண்றது, முன்னால பஸ்ஸு படுத்துக்கினு கீது,” என்று ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். ஆற்று நாற்றத்தை மூச்சுப் பிடித்துத் தாங்கிக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு இருபது.

தாழ்வாரத்திலேயே அண்ணாச்சி எதிரே வந்தார். கையில் ரசீது. பின்னால் அவர் மகள், இரட்டைப் பின்னல், புதுப் பாவாடை தாவணி, கண்ணெல்லாம் சிரிப்பு.

“சார்வாள்! நீங்க சொன்ன மாதியே நடந்துட்டு! நாலு மணிக்கு டக்குனு ரெஜிஸ்டர மூடினான். எலக்ட்ரானிக்ஸ்ல யாரோ ஒரு புள்ள வரலியாம். ஒரே ஒரு சீட்டு. யாரு நிக்கான்னு கேட்டான், நாங்கதான் நின்னோம்.” என் மகளைப் பார்த்து, “பாப்பாவுக்கும் இங்கதானா? ரெண்டு பேரும் சேந்தே பஸ்ஸுல போயிரலாமே!” என்றார்.

வராத அந்தப் பிள்ளை யாரென்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் சார்வாள் பாக்கி,” என்று அவர் மாற்றுச் சான்றிதழின் நகலைக் காட்டினார். “வெளி ஸ்டேட்டுல படிச்ச புள்ளைக்கி இதுல அங்க உள்ள ஆபீசரு கையெழுத்து வேணுமாம்லா. பதினஞ்சு நாளு டயம் குடுத்துருக்காவ. இதுக்கு யாரப் போய்ப் பாக்கணும்?”

நகலை வாங்கிப் பார்த்தேன். மேலொப்பம் இல்லை. கடலின் விவரப் புத்தகத்தில், கடைசிக்கு முந்தின பக்கத்தில், யாரும் படிக்காத எழுத்தில் ஒரு விதி உண்டு. காத்திருப்போர் பட்டியலிலிருந்து எடுக்கும்போது, சான்றிதழ்களில் ஒன்று குறைந்தாலும் அந்த விண்ணப்பம் வராததாகவே கருதப்படும். பதினைந்து நாள் அவகாசம் எல்லாம் முதல் பட்டியல்காரர்களுக்குத்தான். எழுத்தர் தவறு செய்திருக்கிறார். அறைக்கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. நான் உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினால், அவர் அந்த ரசீதைத் திரும்ப வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அப்போது காலியாகும் அந்த ஒரே இடத்துக்கு, எல்லாச் சான்றிதழ்களோடும் எதிரே நிற்பது என் மகள்.

இருபது நிமிடத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்று என் தலையில் அதற்குள் பத்தி பிரித்துத் தயாராகியிருந்தது. பொருள், பார்வை எல்லாம் போட்டாயிற்று. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த நகலை நான் தேவைக்கு அதிகமான நேரம் கையில் வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“என்ன சார்வாள், ஏதும் தப்பா இருக்கா?” என்றார் அண்ணாச்சி.

என் மகளுக்கு அந்த விதி தெரியும். விவரப் புத்தகத்தை அவளையும் படிக்க வைத்தவன் நான்தான். அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“மாமாவுக்குச் சொல்லுப்பா, எங்க போகணும்னு,” என்றாள்.

சொன்னேன். “தபால்ல அனுப்பாதீங்கோ. நேர போங்கோ. முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டர் கிட்ட ஒரு கவரிங் லெட்டர் வாங்கிக்கணும். அது இல்லாம ஜில்லா கல்வி ஆபீசுக்குப் போனா திருப்பி அனுப்பிடுவா. ரெண்டு நகல் எடுத்துண்டு போங்கோ. சனிக்கிழமை வேண்டாம்.” பேசப் பேச என் குரல் எனக்கே அலுவலகத்தில் கேட்பதுபோல் இருந்தது. அவள் சொல்லியிராவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடத்தில் பல முறை யோசித்திருக்கிறேன். நல்லதையே சொல்லியிருப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

திரும்பும்போது பெசன்ட் நகர் வழியாக வந்த பஸ்ஸில் ஏறினோம். கடற்கரைக்குப் போகிற கூட்டம். ஒரு குழந்தை காற்றாடியைப் பஸ்ஸுக்குள்ளேயே நீட்டிப் பிடித்திருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மந்தைவெளியில் இறங்கும்போது, “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்,” என்றாள். என்ன சொன்னாளோ தெரியாது. என் மனைவி அன்று என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை சாலையில் போய்ச் சேர்ந்தோம். உடனே உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.

அண்ணாச்சி மேலொப்பம் வாங்கிவந்த கையோடு, எங்கள் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார், பாப்பா காலேஜுக்கு எடுத்துப் போக. “ஏன் சார்வாள் கடலுல போடல?” என்று கேட்டார். “இவ சாலைதான் வேணும்னுட்டா,” என்று என் மனைவி முந்திக்கொண்டாள். அவருக்கு நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

ஆகஸ்டில் பழக்கம் விடாமல் சாலைக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் எலக்ட்ரானிக்ஸ் பட்டியல். கடைசி வரியில் என் மகள் பெயர். அவளுடைய மதிப்பெண், அதற்கு மேலே இருந்த வரியைவிட அதிகம். அதற்கும் மேல் வரியைவிடவும் அதிகம். முதன்முறையாக ஒரு பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தேன். ஏரியிலும் கடலிலும் மதிப்பெண் வரிசையில் ஒட்டுவார்கள். சாலையில் சேர்ந்த தேதி வரிசையில் ஒட்டியிருந்தார்கள். எத்தனை வருடமாக அப்படி ஒட்டுகிறார்கள் என்று எழுத்தரிடம் கேட்டேன். எப்பவும் அப்படித்தான் சார் என்றார்.

ஆக, சாலையின் ‘கடைசி மதிப்பெண்’ என்று நான்கு வருடமாக நான் எழுதி வைத்திருந்தது தகுதியில் கடைசியாக இருந்தவனை அல்ல. தாமதமாக வந்து சேர்ந்தவனை. அவனுடைய அப்பா வேறெங்கோ ஒரு பெஞ்சில், ஒரு பட்டியலின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அந்த வருடம் சாலைக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை.

நான் எழுதாவிட்டால் என்ன? என் முறையை ஊரே கற்றுக்கொண்டிருந்தது. அடுத்த ஜூனில் பூங்காவில் வங்கிக்காரர் ஓடி வந்தார்.

“சார், கேட்டேளா? சாலை எகிறிடுத்து! கடைசி மார்க்கு கடலுக்குக் கிட்ட வந்துடுத்தாம். என் மச்சினர் நேர போய்ப் பாத்து எழுதிண்டு வந்திருக்கார்.”

“அது என் பொண்ணு மார்க்கு.”

“பாருங்கோ! நீங்களே உங்க பொண்ணை அங்க போட்டிருக்கேள்னா சும்மாவா?”

தவறுதலாகப் போட்டேன் என்றேன். எப்படித் தவறியது என்று முதலிலிருந்து விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஆடிட்டரிடம் போய், “உள்விஷயம் தெரிஞ்சவர், வெளில சொல்ல மாட்டேங்கறார்,” என்றார். அந்த வாரமே ஜெராக்ஸ் கடையில் புதுப் பட்டியல் வந்துவிட்டது. கையெழுத்து என்னுடையது அல்ல. சாலைக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

அவளிடம் ஒரு வருடம் நான் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது, “அங்க தொட விடறாளா?” என்றேன்.

“மூணாவது வருஷத்துலேர்ந்துதான் லேப்பாம். அது வரைக்கும் பூட்டு.” மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “சாவி ஸ்டோர்ஸ்ல ஒருத்தர்கிட்ட இருக்கு. எச்.ஓ.டி. எழுதிக் குடுத்தா சாயந்தரம் ஒரு மணி நேரம் தெறந்து விடுவாராம். கேட்டுண்டு வந்துட்டேன். எப்படிக் கேட்டு எழுதணும்னுதான் தெரியலை. நீ எழுதித் தரயா?”

என் மனைவி ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போய் மேஜையில் உட்கார்ந்தேன். ஒன்றரைப் பக்கம். ஐந்து பத்தி. ஆய்வகத்தைப் பயன்படுத்தும் உரிமை, பாதுகாப்புப் பொறுப்பு, கையொப்பப் பதிவேடு, எதையும் விடவில்லை. ‘மேலும் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று இரண்டு இடத்தில் வந்தது.

அவள் நின்றபடியே படித்தாள். பென்சிலை எடுத்து முதல் பத்தியை அடித்தாள். இரண்டாவதை அடித்தாள். பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை அடித்துவிட்டு, ஒரு புதுத் தாளில் நான்கு வரி எழுதினாள். நாங்கள் ஆறு பேர், சாலிடர் பண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும், தினமும் நான்கரையிலிருந்து ஐந்தரை வரை, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம் என்று.

“இது போறும்ல?” என்றாள்.

“தேதி போடலையே.”

தேதி போட்டாள். புதன்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் சின்னதாக ஒரு சூட்டுக் கொப்புளம். அம்மா மருந்து தேடுவதற்குள் என்னிடம் வந்து நீட்டிக் காட்டினாள்.